மாந்தோப்பு ஸ்பிரேயரும் மணிமேகலையின் ஸ்கூட்டரும்

ஆயுத பூஜையன்று மேட்டுக்கொட்டாயில் குளிக்காமல் தப்பிக்கிற சாமான் எதுவும் கிடையாது. மண்வெட்டி, கடப்பாரை, களைக்கொத்து, அருவாமனை, தக்காளி எடைபோடுகிற தராசு, மோட்டார் ரூம் பூட்டு என்று கண்ணில் பட்டதெல்லாம் தேய்த்துக் குளித்து, சந்தனப் பொட்டு வைத்துக்கொண்டுதான் சாமி முன்னால் வந்து உட்காரும். காரிமங்கலத்திலிருந்து உள்ளே போகிற ரோட்டின் கடைசியில் இருக்கிற பத்துப் பன்னிரண்டு வீடுகள்தான் மேட்டுக்கொட்டாய். அங்கே மனிதர்கள் ஒரு சொம்புத் தண்ணீரில் முகம் கழுவிக்கொண்டு போனாலும் போவார்களே தவிர, அன்றைக்கு மண்வெட்டி அழுக்காக இருக்க விடமாட்டார்கள்.

மாதவராஜ் விடிந்தும் விடியாமலும் ஆரம்பித்துவிட்டான். முதலில் மாமரத்துக்கு மருந்தடிக்கிற பவர் ஸ்பிரேயர். டிரம்மில் நல்ல தண்ணீரை நிரப்பி, இன்ஜினை ஓடவிட்டு, குழாய்க்குள் தங்கியிருந்த மருந்து நாற்றம் போகிற வரைக்கும் பீய்ச்சினான். மரத்தின் உச்சிக் கொப்பை எட்டுகிற வேகம் அந்தத் தண்ணீருக்கு. அதே வேகத்தோடு பவர் டில்லர் பக்கம் திருப்பினான். ஆடி மாதத்திலிருந்து சக்கரத்தில் ஒட்டிக் காய்ந்து கிடந்த செம்மண் கட்டி கட்டியாகப் பெயர்ந்து விழுந்தது. துணி பிடித்து அரை நாள் தேய்க்கிற வேலை, ஒரு டீ குடிக்கிற நேரத்தில் முடிந்தது. அவனுக்கு ஒரே குஷி. தன்னுடைய பழைய மொபெட்டுக்கும் அதே அபிஷேகத்தைப் பண்ணினான். அதில் நனைந்து கெடுவதற்கு என்ன இருக்கிறது? உதைத்தான், கிளம்பியது. பிறகு வேப்பமரத்தடியில் நின்ற நீல நிற ஸ்கூட்டரைப் பார்த்தான்.

அது அவன் மனைவி மணிமேகலையின் வண்டி. வாங்கிய நாளிலிருந்து அவன் அதைத் தொட்டதில்லை.

கல்யாணமாகி ரெண்டு வருஷம் ஆகிறது. மணிமேகலை டீச்சர் டிரெய்னிங் முடித்தவள். காரிமங்கலத்தில் ஒரு நர்சரி பள்ளிக்கூடத்தில் டீச்சருக்கு உதவியாளாகச் சேர்ந்தாள். நான் கொண்டு வந்து விடுகிறேன், நானே கூட்டி வருகிறேன் என்று மாதவராஜ்தான் மொபெட்டை எடுத்தான். ஆனால் தக்காளி பறிக்கிற பருவத்தில் விவசாயிக்குக் கடிகாரம் ஏது? இந்தப் பெட்டியை ஏற்றிவிட்டு வருகிறேன், அந்த வண்டிக்காரனுக்குப் பதில் சொல்லிவிட்டு வருகிறேன் என்று அவன் இழுத்ததில், அவள் பிரேயர் முடிந்த பிறகே போய் நின்றாள். பள்ளிக்கூடத்தை நடத்துகிற அம்மா, ஏன் லேட் என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டாள். அவ்வளவுதான். மணிமேகலை யாரையும் கேட்கவில்லை, தன் சம்பாத்தியத்தில் தவணை போட்டு ஸ்கூட்டர் வாங்கிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினாள். மாமியார் குள்ளம்மாளைப் பின்னால் உட்கார வைத்து வாரச் சந்தைக்கு ஒரு தடவை கூட்டிப் போனதில் மாமியார் அவள் கட்சிக்குப் போய்விட்டாள். மாதவராஜுக்கு மட்டும் வயிற்றெரிச்சல். “ஒரு நாள் இல்ல ஒரு நாள் இது நடுரோட்ல நிக்கும். அன்னிக்கு என்னியத்தான் கூப்புடுவ” என்று சொல்லிவிட்டான்.

சொன்ன வார்த்தை சும்மா இருக்குமா? அதற்குப் பிறகு வீட்டில் பேச்சு வார்த்தையெல்லாம் சோறு, சாறு, மோட்டார் போட்டாச்சா என்பதோடு நின்றது. சொன்னது தப்பு என்று அவனுக்கே மறுநாள் தெரிந்துவிட்டது. ஆனால் தப்புதான் என்று வாயால் சொல்வதைவிட ஒரு கிணறு வெட்டுவது சுலபம் என்று நினைக்கிற ரகம் அவன். அதனால்தான் ஆயுத பூஜைக்காகக் காத்திருந்தான். டில்லரோடும் மொபெட்டோடும் சேர்த்து அவள் வண்டியையும் கழுவி, மாலை போட்டு நிறுத்திவிட்டால் அவளுக்குப் புரிந்துவிடும் என்பது அவன் கணக்கு.

கழுவினான் என்றால் சாதாரணக் கழுவலா? முகத்துக்கு நேரே குழாயைப் பிடித்தான். ஹெட்லைட்டுக்குக் கீழே இருந்த சந்தில் அடித்தான். ஹேண்டில்பார் சுவிட்சுகளுக்கு இடையில் பள்ளிக்கூடத்துச் சாக்பீஸ் தூள் படிந்திருந்தது, அதைப் பார்த்து நாலு தடவை அடித்தான். சீட்டைத் தூக்கி உள்ளேயும் விட்டான். பிறகு துணியால் துடைத்து, சுவிட்சுக்கு ஒரு பொட்டு, சாவித் துவாரத்துக்கு மேல் ஒரு பொட்டு என்று சந்தனத்தைக் குழைத்து வைத்தான். வண்டி கல்யாணப் பெண் மாதிரி நின்றது.

மணிமேகலை கோலப் பொடியோடு வெளியே வந்தவள், நின்று பார்த்தாள். உள்ளே போகும்போது அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து மறைந்ததை மாதவராஜ் பார்த்துவிட்டான். அந்தச் சிரிப்புக்காக இன்னும் நாலு வண்டி கழுவியிருப்பான்.

உச்சிப்பொழுதுக்கு முன்னால் பூஜை. பொரி, கடலை, சுண்டல், வாழைப்பழம். குள்ளம்மாள் கற்பூரம் காட்டிவிட்டு, ஸ்கூட்டரின் முன் சக்கரத்தின் கீழே எலுமிச்சம்பழத்தை வைத்தாள். “ஏறி ஓட்டும்மா” என்றாள். மணிமேகலை உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள்.

யாரும் கை வைக்காமலே ஹாரன் ஊத ஆரம்பித்தது. நின்று நின்று அல்ல, ஒரே மூச்சாக. ரெண்டு பக்க இண்டிகேட்டரும் கண்ணடித்தன. “சாமி ஏத்துக்கிச்சி” என்று குள்ளம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஊதிக்கொண்டே இருந்த ஹாரன் கொஞ்சம் கொஞ்சமாகக் கரகரத்து, தொண்டை கட்டி, ஓய்ந்தது. மணிமேகலை செல்ஃப் பட்டனை அழுத்தினாள். டிக் என்றது. இன்னொரு தடவை அழுத்தினாள். அதுவும் இல்லை. எலுமிச்சம்பழம் நசுங்காமல் அப்படியே கிடந்தது.

அவள் இறங்கி, சீட்டைத் தூக்கிப் பார்த்தாள். உள்ளே ஒரு சொம்புத் தண்ணீர் தேங்கியிருந்தது.

“நெனச்சதச் சாதிச்சிட்டீங்க” என்றாள்.

“நான் என்னா சாதிச்சன்? கழுவுனன்.”

“அஞ்சு மாசமா ஒரு துணி எடுத்துத் தொடைக்காதவரு இன்னிக்கி என்னாத்துக்குக் கழுவுனீங்க? நாளைக்கி எனக்கு என்னா நாளுன்னு உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சேதான் தண்ணி வுட்டிருக்கீங்க.”

மறுநாள் விஜயதசமி. பள்ளிக்கூடத்தில் புதிதாகச் சேர்கிற பிள்ளைகளை மடியில் உட்கார வைத்து, விரலைப் பிடித்து அரிசியில் ‘அ’ எழுத வைக்கிற நாள். எல்.கே.ஜி. டீச்சர் கல்யாணமாகிப் போய்விட்டதால் இந்தத் தடவை அந்த வேலையை மணிமேகலையிடம் கொடுத்திருந்தார்கள். அன்றைக்கு எழுத வைக்கிறவளுக்குத்தான் அந்த வகுப்பு. ஏழரை மணிக்கு நல்ல நேரம், பிந்தினால் இன்னொரு உதவியாள் ஐஸ்வர்யாவை உட்கார வைத்துவிடுவேன் என்று பள்ளிக்கூடத்து அம்மா முன்கூட்டியே சொல்லிவிட்டாள். பழைய தாமதத்தை அவள் மறக்கவில்லை. லீவு நாளில் மேட்டுக்கொட்டாய்க்கு டவுன் பஸ்ஸும் எட்டிப் பார்க்காது.

மாதவராஜால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அந்தத் தவிப்பில், சொல்லக்கூடாத ஒன்றைத்தான் சொன்னான். “நான் கொண்டாந்து வுடறன், மேகலா.”

அவள் சீட்டைத் தட்டி மூடினாள். “இதுக்குத்தான” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. வண்டியைக் கெடுத்ததுகூடப் பெரிசில்லை, வேண்டுமென்றே கெடுத்தான் என்று அவள் நம்பிவிட்டாளே என்பதுதான் அவன் நெஞ்சை அறுத்தது. நாளைக் காலையில் அவள் இந்த வண்டியில் தனியாகப் போகாவிட்டால், ஜென்மத்துக்கும் அது உண்மையாகவே ஆகிவிடும்.

காரிமங்கலம் மெக்கானிக் தீர்த்தகிரிக்குப் போன் போட்டான்.

“மாதவா, தப்பா நெனைக்காத” என்றான் தீர்த்தகிரி. வாய் நிறையப் பொரி. “ஸ்பானரு, ஸ்க்ரூடிரைவரு பூரா சாமி முன்னால படுத்திருக்குது. நாளைக்கி மறுபூஜை பண்ணி, பத்து மணிக்கு மேலதான் எடுப்பன். எங்கப்பா காலத்துல இருந்து அப்பிடித்தான்.”

“பத்து மணிக்கு எடுத்து என்னாண்ணே பண்றது? ஏழரைக்கி அவ அங்க இருக்கணும்.”

“கைய வெக்க மாட்டன். ஆனா வாயப் பூஜையில வெக்கல. நீ கழட்டு, நான் போன்ல சொல்றன்.”

எதை வைத்துக் கழட்டுவது? அவன் வீட்டு ஸ்பானரும் சாமி முன்னால்தான் படுத்திருந்தது. மெல்லப் போய்க் கை நீட்டினான். குள்ளம்மாள் பார்த்துவிட்டாள்.

“தொடாதடா. சாமிகிட்ட வெச்சத எடுத்தா வருசம் பூரா வேல வெளங்காது.”

“அப்ப கத்தியாவது குடு. நுனிய வெச்சித் திருகிக்கறன்.”

“கத்தி, அருவாமனை எல்லாம் அங்கதான் இருக்குது. மத்தியானச் சாறு வெக்க வெங்காயத்தையே நேத்து பொழுதோட அரிஞ்சி வெச்சிட்டன்.” அவளுக்கும் மனசு கேட்கவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு, “சவரி வூட்டுக்குப் போடா. அவங்களுக்கு இன்னிக்கி பூஜை இல்ல” என்றாள்.

சவரி பக்கத்துக் காட்டுக்காரர். சர்ச்சுக்குப் போகிற வேதக்காரக் குடும்பம். ரெண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு வரப்பும் ஒரு கொய்யா மரமும்தான். கேழ்வரகுக் களியை உருட்டிக்கொண்டிருந்தவர், விஷயத்தைக் கேட்டதும் கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு சிரித்தார்.

“மாமரத்துக்கு அடிக்கறதுல ஸ்கூட்டருக்கு அடிச்சியா? காய்க்கும்னு பாத்தியா?”

“சிரிக்காதீங்கண்ணே. அவ என்கிட்ட மூஞ்சியே குடுக்க மாட்டேங்கறா.”

“எப்பிடிக் குடுக்கும்?” என்றாள் சவரியின் மனைவி ஜோஸ்பின். “அந்தப் பொண்ணு ஒரு வாரமா எங்கிட்ட அதையேதான் சொல்லிட்டிருந்துச்சி. அரிசி எந்தத் தட்டுல கொட்டணும், அழுவற புள்ளைக்கி என்னா குடுக்கணும்னு. நீ போயி தண்ணிய அடிச்சிருக்கற.” சொல்லிக்கொண்டே உள்ளே போய், பெங்களூரில் நர்ஸாக இருக்கிற மகள் விட்டுப்போன தலைமுடி காய வைக்கிற மிஷினை எடுத்து வந்து கொடுத்தாள். “சூடா காத்து வரும். ரொம்பக் கிட்ட வெக்காத, பிளாஸ்டிக் உருகிப் போவும்.”

சவரி களியை முடித்துவிட்டு ஸ்பானர் பையோடு கூடவே வந்தார். வரப்பில் நடக்கும்போது, “எங்கூட்டு ஸ்பானருக்கு இன்னிக்கி லீவு இல்ல. ஆனா ஒண்ணு, பொரி மட்டும் வேணாம்னு சொல்ல மாட்டம்” என்றார்.

வேப்பமரத்தடியில் கோணிப்பையை விரித்து, போனை ஸ்பீக்கரில் போட்டு, செங்கல் மேல் வைத்தான் மாதவராஜ். மணிமேகலை சமையல்கட்டு ஜன்னலுக்குப் பின்னால் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். பாத்திரச் சத்தம் கொஞ்சம் அதிகமாகவே கேட்டது.

“மொதல்ல பேட்டரி ஒயரக் கழட்டு” என்றது போன். “கழட்டிட்டியா? அப்பறம் முன்னாடி மூஞ்சிப் பலகைய எடு. எதால கழுவுன, பக்கெட்லயா ஓஸ்லயா?”

மாதவராஜ் சவரியைப் பார்த்தான். சவரி வானத்தைப் பார்த்தார்.

“ஸ்பிரேயர்லண்ணே. மாந்தோப்பு ஸ்பிரேயர்.”

போனில் பொரி மெல்லுகிற சத்தம் நின்றது. “நேரா மூஞ்சிக்கி வெச்சியா?”

“சந்துல அழுக்கு இருந்திச்சி. டில்லருக்கு அடிச்சன், பளபளன்னு ஆயிடுச்சி. மொபெட்டுக்கும் அடிச்சன், ஒண்ணியும் ஆவல. இதுக்கு இன்னும் கொஞ்சம் நல்லா பண்ணணும்னு கூட ரெண்டு தடவ அடிச்சன்.”

“டில்லருக்கு நரம்பு கெடையாது மாதவா. இதுக்கு உள்ள பூரா நரம்பு. ஒயரும் ஒயரும் கோத்துக்கற டப்பி இருக்கும் பாரு, கப்ளருன்னு சொல்லுவம். அதுக்குள்ள தண்ணி பூந்தா எந்தக் கரன்ட்டு எங்க போவுதுன்னு அதுக்கே தெரியாது. வாசல்ல நிக்கறவனுக்குத் தண்ணி குடுத்தா பரவால்ல, நீ வூட்டுக்குள்ள ஏரியே வெட்டி வுட்டிருக்கற.”

ஜன்னலுக்குப் பின்னால் பாத்திரச் சத்தமும் நின்றிருந்தது.

பலகையை எடுத்ததும் தண்ணீர் வழிந்தது. ஒவ்வொரு கப்ளராகப் பிரித்து, வாயால் ஊதி, துணித் திரியால் துடைத்தான். பிளக் தொப்பியைப் பிடுங்கினால் அதற்குள்ளும் ஈரம். செல்ஃப் சுவிட்சைத் திறந்தபோது உள்ளே சந்தனம் சேறாகக் குழைந்திருந்தது. சவரி அதைப் பார்த்து, “பொட்டு உள்ளார வரைக்கும் வெச்சிருக்கற” என்றார். அதுவரை அடித்துக்கொண்டிருந்த வெயில் திடீரென்று போய்விட்டது. மேற்கே மேகம் கறுத்து ஏறியது. ஐப்பசி நெருங்கிவிட்டால் அந்தப் பக்கத்தில் மத்தியானத்துக்கு மேல் வானத்தை நம்ப முடியாது. வெயிலில் ஒரு மணி நேரம் காய வைக்கலாம் என்று தீர்த்தகிரி சொன்னதெல்லாம் வீணாயிற்று.

மிஷினை ஒரு கையில் பிடித்தால் கப்ளரை இன்னொரு கையில் பிடிக்க வேண்டும், ஒயரை விலக்க மூன்றாவது கை வேண்டும். சவரி எக்ஸ்டென்ஷன் ஒயரை மாட்டிக் கொடுத்துவிட்டு, டேப் தேடி வீட்டுக்குப் போயிருந்தார். மாதவராஜ் குனிந்து தடுமாறிக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து வந்த கை மிஷினை வாங்கிக்கொண்டது.

“தள்ளிப் பிடிக்கணும். கிட்ட வெச்சா பிளாஸ்டிக் உருகிடும்” என்றாள் மணிமேகலை.

அவன் ஒயர்களைப் பிரித்துப் பிரித்துக் காட்டினான். அவள் காற்றைக் காட்டினாள்.

“எதுக்குங்க கழுவுனீங்க?” என்று கேட்டாள். இந்தத் தடவை குரலில் சண்டை இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

“அன்னிக்கி அப்பிடிப் பேசுனது தப்பு, மேகலா. வண்டி நடுரோட்ல நிக்கும்னு சொன்னது. சொன்ன மறுநாளே தெரிஞ்சிடுச்சி. வாயால சொல்ல வரல. சரி, பூஜைக்கி நம்மூட்டு வண்டிங்களோட வண்டியா கழுவி நிறுத்துனா நீயே புரிஞ்சிப்பன்னு நெனச்சன்.” அவன் ஒயரைப் பார்த்தே பேசினான். “டில்லருக்குக் கதம்பம்தான் வாங்குனன். சாமந்தி மாலை இதுக்குன்னு தனியா வாங்கியாந்தன், போடறதுக்குள்ள ஹாரன் ஊதிடுச்சி. அத நீ டில்லருக்குன்னு நெனச்சிருப்ப.”

“சாமிக்குன்னு நெனச்சன்” என்றாள் அவள். அடுத்த ஒயருக்குக் காற்றைத் திருப்பிக்கொண்டே, “அதச் சொல்லிட்டுக் கழுவியிருந்தா, ரெண்டு பக்கெட் தண்ணியில நானே கழுவிக் குடுத்திருப்பன்” என்றாள்.

அவனுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

“நாளைக்கி வண்டி எடுக்கலைன்னா?” என்று கேட்டாள்.

நாக்கு நுனி வரைக்கும் அதே பழைய பதில் வந்துவிட்டது. அவன் அதை விழுங்கினான். “எடுக்கலைன்னா சவரியண்ணன் வண்டியக் கேட்டு வாங்கித் தர்றன். நீயே ஓட்டிட்டுப் போ.”

“அது கியர் வண்டி ஆச்சே.”

“பொழுது சாயறதுக்குள்ள கத்துக் குடுக்கறன். நான் பின்னால ஓடி வர்றன்.”

மணிமேகலை மிஷினை அவன் முகத்துக்கு நேரே ஒரு நிமிஷம் திருப்பிப் பிடித்துவிட்டு, மறுபடி ஒயருக்குக் கொண்டுபோனாள். அவன் வேர்த்து வழிந்துகொண்டிருந்தான், அந்தச் சூட்டுக் காற்றுகூட இதமாக இருந்தது.

தூறல் விழுவதற்கு முன்னால் மூன்று பேருமாக வண்டியை மாட்டுக்கொட்டகைக்குள் தள்ளினார்கள். எரிந்து போயிருந்த ஃபியூஸை எடுத்துவிட்டு, கூடவே செருகி வைத்திருந்த உபரி ஃபியூஸை மாட்டச் சொன்னான் தீர்த்தகிரி. கப்ளர்களைக் கோத்து, பிளக் தொப்பியை அழுத்தி, கடைசியாகப் பேட்டரி ஒயரைப் போட்டான் மாதவராஜ். சாவியை எடுத்து அவளிடம் நீட்டினான்.

அவள் செல்ஃபை அழுத்தினாள். இருமியது. இன்னொரு தடவை அழுத்தினாள். இருமி, புகைவிட்டு, பிடித்துக்கொண்டது. கொட்டகையில் கட்டியிருந்த கன்றுக்குட்டி மிரண்டு கயிற்றை இழுத்தது. குள்ளம்மாள் மழையில் நனைந்துகொண்டே ஓடிப்போய் அந்த எலுமிச்சம்பழத்தைத் தேடி எடுத்து வந்து சக்கரத்தின் கீழ் வைத்தாள். மணிமேகலை வண்டியை லேசாக நகர்த்தினாள், பழம் பச்சக்கென்று நசுங்கியது. போன் இன்னும் ஸ்பீக்கரில்தான் இருந்தது. “சத்தம் நல்லாருக்குது. ஹாரன அடி” என்றான் தீர்த்தகிரி.

அடித்தாள். மூச்சே இல்லை.

“பூஜையில ஊதுன ஊதுல காயில் போயிருக்கும். அந்த ஒயரக் கழட்டி டேப் சுத்தி வுட்டுடு. நாளைக்கிப் பத்து மணிக்கி மேல வா, மாத்தித் தர்றன். மறுபூஜைக்கி மொத வேலையே உன்னுதுதான்.” சொல்லிவிட்டு அவன் பொரிக்குத் திரும்பிவிட்டான்.

மறுநாள் விடிகிறபோது மழை விட்டு, ரோடெல்லாம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. மணிமேகலை மாம்பழ நிறத்தில் புடவை கட்டி, பையில் ஒரு சின்னத் தட்டும் மிட்டாய்ப் பொட்டலமும் வைத்துக்கொண்டு வந்தாள். வண்டி முதல் அழுத்திலேயே கிளம்பியது. மாதவராஜ் வாசலில் ஸ்பிரேயர் குழாயைச் சுருட்டிக்கொண்டு நின்றான். கூட வரட்டுமா என்று கேட்க ஆசையாகத்தான் இருந்தது. அந்தக் கேள்வி தன்னுடையது இல்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு சுருட்டினான்.

அவள் கேட் வரைக்கும் போய் நின்றாள். திரும்பிப் பார்த்தாள்.

“செங்கல் சூளை வளைவுல ஆடு ஓட்டிட்டு வருவாங்க. ஹாரன் இல்லாம எப்பிடிப் போறது?”

அவன் குழாயை இன்னும் ஒரு சுற்று சுருட்டினான்.

“மொபெட்ட எடுத்துட்டுப் பின்னால வாங்க. மெயின் ரோடு வரைக்கும் எனக்கு ஹாரன் அடிங்க.”

அவன் குழாயை அங்கேயே போட்டான். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே மொபெட்டை உதைத்தான். முன்னால் அவள், பத்தடி பின்னால் அவன். ஒவ்வொரு வளைவிலும் அவன் ஊதினான். ஆடுகள் ஒதுங்கின, சைக்கிள்காரர் ஒதுங்கினார், ஒரு டிராக்டர்கூட ஓரம் கட்டியது. எல்லோரும் வழிவிட்டது முன்னால் போகிற நீல ஸ்கூட்டருக்குத்தான். முன்பு அவளை முதுகுக்குப் பின்னால் உட்கார வைத்து ஓட்டியபோதும், பிறகு வயிற்றெரிச்சலில் முகத்தைத் திருப்பிக்கொண்டபோதும், அவள் இவ்வளவு நேர்த்தியாக வண்டி ஓட்டுவாள் என்பதைப் பார்க்க அவனுக்கு வாய்ப்பே இல்லை. அவன் மனசு நிறைந்து போயிருந்தது.

மெயின் ரோடு சேருகிற இடத்தில் அவள் நிறுத்தினாள். மணி ஏழுகூட ஆகவில்லை.

“போதுங்க. இங்கிருந்து நேர் ரோடு, நான் போய்க்கறன். பத்து மணிக்கி மேல தீர்த்தகிரி அண்ணன் கடைக்கி நீங்களும் வந்துடுங்க. ஹாரன் மாத்துனதும் சேந்து வூட்டுக்கு வந்துடலாம்.”

அவள் இண்டிகேட்டர் போட்டு, இருபுறமும் பார்த்து, ரோட்டில் ஏறினாள். நீல வண்டி சின்னதாகிக்கொண்டே போயிற்று. மாதவராஜ் ஓரத்தில் மொபெட் மேல் உட்கார்ந்தபடி, அவள் கண்ணுக்கு மறைகிற வரைக்கும் ஹாரனை விட்டுவிட்டு அடித்துக்கொண்டே இருந்தான். பால் கேனோடு வந்த ஒரு பெரியவர் எரிச்சலாக நின்றார்.

“ரோடு காலியாத்தான கெடக்குது? யாருக்குப்பா வழி கேக்கற?”

“எங்கூட்டு டீச்சர் முன்னால போறாங்க” என்றான் மாதவராஜ்.